தண்ணீரை அடிக்காத குதிரை

நம் வண்டிப் பந்தயச் சங்கத்துப் பொங்கல் மலருக்கு எழுதித் தரச் சொல்லி, போன வாரம் இப்போது லாயத்தை நடத்தும் நீங்கள் நாலு பேரும் வீட்டுக்கு வந்தீர்கள். “உங்க முறையைப் பத்தி எழுதுங்க டீச்சர், எங்களுக்கு உதவியா இருக்கும்” என்றீர்கள். குதிரையை ஆற்றில் பழக்கியது, வாய்ப்பாடு சொல்லி ஓட்டியது, சாட்டை இல்லாமல் ஜெயித்தது ஆகியவற்றைத்தான் எதிர்பார்க்கிறீர்கள் என்று தெரியும். அதையும் எழுதுகிறேன். ஆனால் அதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. பொறுமையும் ஒரு ஆறும் இருந்தால் யாரும் செய்யலாம். நான் எழுத நினைப்பது, ஒரு காலையில் பதிவேட்டில் நான் பொய்யாகப் போட்ட ஒரு கோட்டைப் பற்றி.

முதலில் கலெக்டர் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வாசலில் இரண்டு குதிரை வண்டி வைத்திருந்தார். பந்தயத்தில் அவருக்கு ஆசை. மதராஸ் பந்தய லாயத்தில் ஓட்டம் போதாது என்று கழித்துவிட்ட செம்பட்டைக் குதிரை ஒன்றை வாங்கி, ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு யாரையும் சட்டை செய்யாமல் நிற்கும் என்பதால் கலெக்டர் என்று கூப்பிட்டோம். அது வந்த நாலாவது மாதம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டில் நானும், எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்த என் மகன் செல்வராசுவும், மூன்று குதிரைகளும் மிச்சம்.

வண்டிக் குதிரைகள் இரண்டையும் கொடுத்துவிட்டோம். கலெக்டரை வாங்க யாரும் வரவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். நம் வண்டிப் பந்தயத்தில் குதிரை பாயக் கூடாது. முன்கால் ஒன்றும் அதற்குக் குறுக்கே உள்ள பின்கால் ஒன்றும் சேர்ந்து விழுகிற ஓட்டத்திலேயே போக வேண்டும். நாலு காலையும் தூக்கிப் பாய்ந்தால் வண்டியை நிறுத்தி, மறுபடி நடையிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று தடவை பாய்ந்தால் வெளியே போக வேண்டியதுதான். கலெக்டரோ பிறந்ததிலிருந்து பாய்வதற்கென்றே வளர்க்கப்பட்டது. பக்கத்தில் இன்னொரு வண்டி வந்தால் போதும், பாய்ந்துவிடும்.

அதைப் பழக்க வந்தவர்கள் வாயில் முள் கடிவாளம் போட்டார்கள். முன்கால்களைக் கயிற்றால் பிணைத்தார்கள். ஒரு வாரம் பார்த்தேன். வாயில் ரத்தம் வந்ததே தவிர ஓட்டம் வரவில்லை. “போதும், போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டேன்.

வழி தற்செயலாகக் கிடைத்தது. குளிப்பாட்டக் காவிரிக்குக் கொண்டுபோன ஒரு நாள், எதையோ கண்டு மிரண்டு கலெக்டர் பாயப் பார்த்தது. முழங்கால் ஆழத் தண்ணீர் விடவில்லை. வேகமாகப் போக வேண்டுமானால் ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்துத்தான் போக முடிந்தது. கரையில் நின்ற எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பந்தயத்தில் கேட்கிற ஓட்டம் அதுதான். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போவதற்கு முன் தினமும் ஒரு மணி நேரம், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் அதன் பக்கத்திலேயே நடந்தேன். கால் விழுகிற தாளம் தவறாமல் இருக்க எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது வாய்ப்பாடு. ஈரெட்டுப் பதினாறு, மூவெட்டு இருபத்துநாலு. மூன்று மாதத்தில், கரையேறி ரோட்டுக்கு வந்த பிறகும் எட்டாம் வாய்ப்பாடு கேட்டால் அது பாயாது என்ற நிலைக்கு வந்தது. ஏன் எட்டு என்று கேட்காதீர்கள். ஏழில் கொஞ்சம் தடுமாறியது.

இதற்கு நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. அம்மா மண்டபம் படித்துறைக்கு மேற்கேதான் முதலில் இறங்கினேன். தினம் விடியற்காலையில் நீராட வரும் கோயில் கைங்கர்யப் பெரியவர் ஒருவர், திருமண் காயாத நெற்றியோடு படியில் நின்றுகொண்டு கேட்டார்:

“ஏம்மா, மேலே குதிரை ஸ்நானம், கீழே நாங்க ஸ்நானமா? எந்த சாஸ்திரத்துல இருக்கு இது?”

“மன்னிச்சுக்கங்க சுவாமி, நாளையிலேர்ந்து கீழே போயிடறேன்.”

“போங்கோ. அந்த வாய்ப்பாட்டை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கோ. என் பேரன் இன்னும் எட்டைத் தாண்டலை.”

சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனால் வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள். “வாங்க டீச்சர், கலெக்டர் எந்த கிளாஸ் பாஸ் பண்ணியிருக்காரு?” என்பார் ஒருவர். “அடுத்த வருஷம் இங்கிலீஷும் உண்டாம்ல” என்பார் இன்னொருவர். பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கப் போனபோது கமிட்டிக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“குதிரை பழக்கினவங்க பேரு போடணும்மா. ஆம்பளை யாராச்சும் இருந்தா சொல்லுங்க.”

“ஓட்டறது என் மகன். பழக்கினது நான். ரெண்டையும் எழுதுங்க.”

“எழுதிடலாம். ஜனங்க சிரிப்பாங்களே?”

“குதிரைக்குக் கேக்காதுங்க. அது வாய்ப்பாடுதான் கேக்கும்.”

எழுதினார். செல்வராசு சாட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு, அரியமங்கலம் பட்டறையில் செய்த லேசான வண்டியில் ஏறினான். சத்திரத்திலிருந்து ஜீயபுரம் போய்த் திரும்ப வேண்டும். வெடியும் தப்பட்டையும் ஊதலுமாக இருந்த அந்தக் கூச்சலில் மற்றக் குதிரைகள் ஒன்றொன்றாகப் பாய்ந்து நின்றன. கலெக்டர் பாயவே இல்லை. முதலாவதாக வந்து நின்றபோது என் மகனுக்குக் குரல் கட்டியிருந்தது. அடுத்த மூன்று வருடங்களில் நாங்கள் தோற்றது இரண்டே தடவை. சிரித்தவர்கள் தங்கள் குதிரைகளைக் கொண்டுவந்து என்னிடம் விட்டார்கள். ஒரு சமயம் பதினொரு குதிரை இருந்தது. இவ்வளவுதான் என் முறை.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன்.

ஆற்றில் இறங்கிய குதிரை, குடிக்கும் முன் முன்காலால் தண்ணீரை அடிக்கும். உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம் உண்டு. கலெக்டர் வலது காலால் மூன்று தடவை அடிக்கும், பிறகுதான் வாயை வைக்கும். உடம்பில் எங்காவது வலி இருந்தால் குதிரை அடிக்காது, அல்லது கால் மாற்றி அடிக்கும். லாயத்தில் நிற்கும்போது, தடவிப் பார்க்கும்போது தெரியாத வலி தண்ணீரில் தெரிந்துவிடும். இதைக் கண்டுகொண்ட பிறகு, பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் ஒரு வருகைப் பதிவேடு வாங்கிக் குதிரைகளின் பெயர்களை எழுதினேன். வழக்கம்போல அடித்தால் ஒரு கோடு. அடிக்காவிட்டால் சுழி. சுழி விழுந்த குதிரை அன்றைக்கு வண்டியில் பூட்டப்படாது. யார் சொன்னாலும் பூட்டப்படாது. கோடு விழுந்ததை நிறுத்தவும் கூடாது. நானே போட்ட சட்டம் இது.

அந்தச் சட்டத்தை நான் இரண்டு தடவை மீறினேன்.

முதல் தடவை இப்படி. ஒரு ஆடி மாதப் பந்தயம். அதற்கு இரண்டு நாள் முன்பு கரூர் ரோட்டில் பழக்கிவிட்டு வரும்போது, வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று செல்வராசுவின் வண்டிச் சக்கரத்தை உரசிக்கொண்டு போனது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டேதான் வந்து சொன்னான். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தகப்பன் இல்லாத பிள்ளை. நானே வண்டியில் ஏற்றி அனுப்புகிறேன். ரோட்டில் லாரிகள் வருடா வருடம் கூடிக்கொண்டு வந்தன. பந்தயத்தன்று காலை கலெக்டர் நன்றாகத் தண்ணீரை அடித்தது. கோடு போட்டேன். ஆனால் சத்திரத்தில் வண்டிகளை வரிசையில் நிறுத்தும் நேரத்தில் கமிட்டிக்காரரிடம் போய், குதிரை சரியாகத் தின்னவில்லை, எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

“கலெக்டர் லீவுப்பா!” என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. செல்வராசு சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பதிவேட்டை எடுத்து விரித்தான்.

“கோடு போட்டிருக்க.”

“ஆமா.”

“குதிரை வந்திருக்கு. நான் வந்திருக்கேன். வராதது யாரும்மா? நீதான்.”

பதிவேட்டை மூடப் போனேன். அவன் விடவில்லை.

“வெளியூர்லேர்ந்து வந்தவன்கூட என்னைப் பாத்து, அம்மா விட்டாத்தானே தம்பி ஓட்டுவாருன்னு கேக்கறான். இனிமே குதிரையைப் பாரு. என்னைப் பாக்காத.”

அவன் சொன்னது சரி. பயத்தைக் குதிரையின் மேல் ஏற்றிச் சொன்னது என் தப்பு. அதை ஒப்புக்கொண்டு விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. ஆனால் அந்த வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஆற்றங்கரையில் என்னையே நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இது என் கண் பார்க்கிறதா, என் பயம் பார்க்கிறதா? நீங்களும் ஒரு நாள் இந்தக் கேள்வியில் மாட்டுவீர்கள். உங்கள் தம்பியோ, கணவரோ, சிநேகிதரோ வண்டியில் இருப்பார்.

அடுத்த பந்தயம் மாட்டுப் பொங்கலன்று. செல்வராசுவுக்கு இருபத்துமூன்று வயது. மார்கழிக் குளிர் விடாத காலை, ஆற்றின் மேல் புகை போலப் பனி. கலெக்டரை இறக்கினேன். முழங்கால் ஆழம் வரை வந்து நின்றது. தலையைத் தாழ்த்தியது, நேராகக் குடித்தது. அடிக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே நடத்திப் பார்த்தேன். நின்றது. அடிக்கவில்லை.

படித்துறையிலிருந்து ஈரத் துணியோடு வந்துகொண்டிருந்த அந்தப் பெரியவர் நின்றார். இத்தனை வருடத்தில் எங்கள் குதிரைகளை எல்லாம் அவருக்குத் தெரியும். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் தினமும் பார்க்கிறவர்.

“என்னம்மா, கலெக்டருக்கு இன்னிக்குத் திருவுள்ளம் இல்லை போலிருக்கே? தீர்த்தத்தை அடிக்கவே இல்லையே?”

“தண்ணி குளுந்து கிடக்கு சுவாமி” என்றேன்.

முந்தின நாளும் தண்ணீர் அதே குளிர்தான். முந்தின நாள் அடித்தது.

லாயத்துக்குத் திரும்பியபோது, எப்போதும் பந்தயத்தன்று காலையில் லாடம் பார்க்க வரும் பாய் வந்திருந்தார். நாலு காலையும் தூக்கிப் பார்த்தார். வலது முன்காலை இரண்டாவது முறையும் தூக்கி, உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார்.

“லாடம் சரியா இருக்குங்க. சூடும் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியல. தண்ணியில என்னா பண்ணுச்சு டீச்சரம்மா?”

செல்வராசு தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான். என்ன சொல்லப்போகிறாய் என்று பார்த்தான், அவ்வளவுதான்.

“அடிச்சுதுங்க பாய்” என்றேன்.

“அப்ப சரி. இன்ஷா அல்லா, கப்போட வாங்க.”

உள்ளே போய்ப் பதிவேட்டில் கோடு போட்டேன். பதினெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பதிவேடு எழுதியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வருகிறார், இரண்டு பிள்ளைகளைக் கூடப் போடுங்கள் என்று தலைமையாசிரியர் சொன்னபோதுகூட வராத பிள்ளைக்கு நான் கோடு போட்டதில்லை.

பஸ் பிடித்து ஜீயபுரத்துக்கு முன்னால் இறங்கி, ரோடு வாய்க்காலை ஒட்டி வளைகிற இடத்தில் நின்றேன். ஒரு பக்கம் வாழைத்தோப்பு, மறுபக்கம் தண்ணீர். அந்த வளைவில் ஜனங்கள் குறைவு என்பதால் தூரத்திலிருந்தே குளம்புச் சத்தம் கேட்கும். முதலில் கேட்டது என் மகன் குரல்தான். வண்டி இன்னும் கண்ணில் படவில்லை. நாலெட்டு முப்பத்திரெண்டு, ஐயெட்டு நாப்பது. தாளம் சரியாக இருந்தது. என் பயம்தான், குதிரைக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. வண்டி வளைவுக்கு வந்தது. ஆறெட்டு நாப்பத்தெட்டு. ஏழெட்டு...

ஐம்பத்தாறு வரவில்லை.

வலது முன்கால் மடிந்து கலெக்டர் முட்டி போட்டது. வண்டி அதன் மேலே ஏறிப் புரண்டது. செல்வராசு வாய்க்கால் கரைக் கல்லில் விழுந்தான், சக்கரம் அவன் தொடை மேல். வாழைத்தோப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஓடி வந்து வண்டியைத் தூக்கினார்கள். நான் நின்ற இடத்திலிருந்து அவன் விழுந்த இடம் முப்பதடி இருக்கும். அதை நான் எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை.

தொடை எலும்பும் காறை எலும்பும் முறிந்திருந்தன. தலையில் அடி. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்ன வேண்டிக்கொண்டேன் என்பதைவிட என்ன கணக்குப் போட்டேன் என்பதுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பெரியவர் பார்த்தார். பாய் கேட்டார். செல்வராசு என் முகத்தைப் பார்த்தான். உண்மையைச் சொல்ல மூன்று இடம் இருந்தது. மூன்றையும் தாண்டினேன்.

மறுநாள் மத்தியானம் கண் திறந்தான். தண்ணீர் கேட்டான். ஸ்பூனில் கொடுத்தேன். அடுத்து கலெக்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டான். கால் நரம்பு அறுந்துவிட்டது, உயிருக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

“அம்மா, காலையில தண்ணி அடிச்சுதா?”

இந்தத் தடவை தாண்டவில்லை. “இல்லடா” என்றேன்.

“பாய்கிட்ட அடிச்சுதுன்னு சொன்ன.”

“பொய் சொன்னேன்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். பிறகு, “நான் சொன்னதுனாலயா?” என்று கேட்டான்.

அவனைக் காரணமாக்கி நான் தப்பித்துக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. “இல்லை. நீ குதிரையைப் பாருன்னுதான் சொன்ன. நான் அதைப் பாக்கல. பயந்தவள்னு நீ நெனச்சிடுவியேன்னு என்னையே பாத்துக்கிட்டிருந்தேன்” என்றேன். அந்த மாதம் முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை. அப்புறம் பேசினான்.

ஒரு தடவை பயத்தால் நல்ல குதிரையை நிறுத்தினேன். அப்புறம் பயந்தவள் என்று சொல்லிவிடுவார்களே என்று வலியுள்ள குதிரையை ஓட்டவிட்டேன். இரண்டும் எதிரெதிர்த் தப்புகள் போலத் தெரியும். இரண்டிலும் நான் குதிரையைப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம். தைரியத்தைக் காட்டுவதற்காக முடிவெடுக்காதீர்கள். அதற்குக் கொடுக்கும் விலை உங்களுடையதாக இருக்காது.

பந்தயத்தை விட்டுவிடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். நான் விடவில்லை. மற்றவர்களின் எட்டுக் குதிரைகள் என் லாயத்தில் இருந்தன. ஆனால் இரண்டு மாற்றம் செய்தேன். பதிவேட்டில் கோடு போடுகிறவருக்கு, அன்றைக்கு எந்த வண்டியில் யார் ஏறுகிறார் என்று தெரியக் கூடாது. பதிவேடு மூடிய பிறகுதான் ஓட்டுகிறவர்களுக்குக் குதிரை பிரித்துக் கொடுக்க வேண்டும். நீங்கள் வந்த புதிதில், “இது என்ன டீச்சர், கடைசி நேரத்துல பேர் சொல்றீங்க?” என்று சலித்துக்கொண்டது இதைத்தான். இன்னொன்று, கோடு போடும்போது பக்கத்தில் குதிரை வளர்க்காத ஒருவர் நிற்க வேண்டும். அந்தப் பெரியவர் உடம்பு நன்றாக இருந்த வரையில் எங்களுக்காக நின்றார். “அடியேனுக்குக் குதிரை ஞானம் கிடையாதே” என்பார் ஒவ்வொரு தடவையும். அதற்காகத்தான் அவரைக் கூப்பிடுகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். அதற்குப் பிறகும் பல பந்தயங்கள் ஜெயித்தோம். ஒரு வண்டியும் கவிழவில்லை.

கலெக்டர் இன்னும் இருக்கிறது. நொண்டிக்கொண்டே ஆற்றுக்கு வரும். இப்போது இடது காலால் அடிக்கிறது. நான் ரோட்டில் போகும்போது எங்காவது குளம்புச் சத்தத்தில் தாளம் மாறினால், கையில் இருப்பது கீழே விழுந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகளைவிட்டே சொல்லவைக்கிறேன். இந்தக் காரணங்களால்தான் போன வருடம் லாயத்தை உங்களிடம் விட்டேன், வயசானதால் இல்லை.

செல்வராசுவின் இடது கால் ஒன்றரை அங்குலம் குட்டை. வருகிற மாட்டுப் பொங்கலுக்கு ஓட்டப்போவதாகக் கமிட்டியில் பெயர் கொடுத்திருக்கிறான். எனக்குச் சொல்லாமல் கொடுத்துவிட்டு, பிறகு வந்து சொன்னான். “நீ ஆத்துக்கு வராதம்மா” என்றான். “வரலை” என்றேன்.

ஆகையால் அன்றைக்குக் காலையில் உங்களில் ஒருவர்தான் கோடு போட வேண்டும். எந்தக் குதிரை அவனுக்கு என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளாதீர்கள். என்னைப் பார்க்க வராதீர்கள், நானும் கேட்டு ஆள் அனுப்ப மாட்டேன். குதிரை அடித்தால் கோடு போடுங்கள். அடிக்காவிட்டால் சுழி போடுங்கள். அவன் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாலும் சுழி போடுங்கள்.

இந்தக் கட்டுரையோடு பதிவேட்டையும் உங்களிடம் கொடுத்தனுப்புகிறேன். அந்தத் தை மாதப் பக்கத்தில், கலெக்டருக்கு நேரே, ஒரு கோடு சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, மேலே சுழி போட்டிருக்கும். பள்ளிக்கூடப் பதிவேட்டில் திருத்தினால் திருத்தியவர் சுருக்கொப்பம் போட வேண்டும். போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருங்கள்.